நூற்றுப் பதினெட்டு

கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் கேட்கிற முதல் கேள்வி, "மேடம் இல்லையா?" என்பதுதான். மேடம் என்றால் சின்னவள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் பதினாலு வருஷமாகப் பூதக்கண்ணாடி விளக்கை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, பெரியவள், அவளை யாரும் தேடுவதில்லை. தேடினாலும், "மீட்டர் அக்கா இருக்காங்களா?" என்பார்கள், அதுவும் செத்துப்போன ஒரு போர்டைக் கையில் ஏந்திக்கொண்டு. கழுத்தில் எந்நேரமும் மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டர் தொங்குவதால் வந்த பேர். ஒருத்திக்கு மேடம், இன்னொருத்திக்கு மீட்டர். வயிறு எரிய ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற கம்ப்யூட்டர் கடை அது. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். ஓரகத்திகள். வீடும் ஒன்று, அடுப்பும் ஒன்று, மாமியாரும் ஒன்று. அண்ணன் சாமான் வாங்க வெளியே அலைவார். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பார். இதுவரை எதையும் பார்த்ததில்லை. தம்பி கல்லாவில் உட்கார்ந்திருப்பான். மற்றபடி கடையை ஓட்டியது இந்த இரண்டு பெண்கள்தான், ஒருத்தி கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒருத்தி பலகைக்குப் பின்னால்.

பெரியவள் சும்மா வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் மதர்போர்டு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனை வரிசையில் நின்றவள். பெல்ட்டில் போர்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பார்த்து, மீட்டர் காட்டுகிற எண்ணைச் சீட்டில் எழுத வேண்டும். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். கண் பார்த்ததைக் கை எழுதும், நடுவில் நீ யாரு? ஒருமுறை பக்கத்தில் நின்றவள், "சுமாரா சரியாத்தான் இருக்கும்" என்று எண்ணை மாற்றி எழுதி முந்நூறு போர்டு திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் அவளை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் இவளுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. அன்றையிலிருந்து எண் என்று வந்துவிட்டால் இவள் கை இவளைக் கேட்காது, தானாக எழுதிவிடும்.

அந்தப் பழக்கத்தைக் கடைக்கும் கொண்டுவந்தாள். வெளியே போகிற எந்தக் கம்ப்யூட்டரும் அவள் பெஞ்சில் அரைமணி நேரம் மூச்சுத் திணற ஓட வேண்டும். ஓடும்போது போர்டில் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற இடத்தில் மீட்டரின் சூடு அளக்கிற கம்பியை வைத்துப் பார்ப்பாள். பெட்டியின் பின்பக்கத் தகட்டுக்கு உள்ளே வெள்ளைக் காகித டேப் ஒட்டி, வந்த எண்ணைப் பென்சிலில் எழுதுவாள். பிறகு வெளியே, வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வட்ட ஸ்டிக்கர். தொண்ணூற்றைந்து டிகிரிக்குள் என்றால் பச்சை, அதற்கு மேல் என்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டியது கடைப்படி தாண்டாது. கொழுந்தன் குதித்தாலும் தாண்டாது, மாமியார் அழுதாலும் தாண்டாது. அந்த வீட்டிலும் கடையிலும் அவள் சொல் எடுபட்ட இடம் அந்த ஒரு ஸ்டிக்கர்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் வந்தாள். அடேயப்பா, என்ன வாய், என்ன சிரிப்பு! வந்த மூன்றாம் மாதமே பக்கவாட்டில் கண்ணாடி வைத்த, உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்கு எரிகிற கம்ப்யூட்டர்களைக் கட்ட ஆரம்பித்தாள். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே பிராசஸரை முடுக்கி ஓட்டுவதற்கு ஓவர்க்ளாக் என்று பேர். அதில் அவள் கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் பேச்சு. பெரியவள் மனசுக்குள் அவளுக்கு வைத்த பேர் மினுக்கி. வெளியில், "வாம்மா, சாப்பிட்டியா?"

பீரோ சமாசாரத்தைச் சொல்லாமல் விட்டால் இவள் மனசு உங்களுக்குப் பிடிபடாது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவியபடியே சின்னவள் கேட்டாள்:

"அக்கா, பிராசஸர் ஒண்ணுதான். ஒரு போர்டுல எவ்வளவு முடுக்கினாலும் ஓடுது. இன்னொண்ணுல நொண்டுது. ஏங்க்கா?"

பெரியவளுக்கு அன்றைக்கு என்னமோ நல்ல மனசு. "பிராசஸரைச் சுத்தி சாம்பல் கலர்ல கட்டி கட்டியா நிக்குது பாரு, அதெல்லாம் காயில். பவர் சப்ளையில இருந்து வர்றது பன்னெண்டு வோல்ட். பிராசஸர் கேக்குறது ஒண்ணேகால் வோல்ட்டுதான், ஆனா கரண்டைக் குடம் குடமா குடிக்கும். பன்னெண்டை ஒண்ணேகாலா மாத்தி, ஆடாம அசையாம ஊத்துறது இந்தக் காயிலும், பக்கத்துல இருக்கிற கறுப்பு சிப்பும். ரெண்டும் சேர்ந்து ஒரு ஆள்னு வச்சுக்கோ. ஒரு பீரோவை நாலு பேரு தூக்கினா முதுகு ஒடியும். எட்டுப் பேரு தூக்கினா சிரிச்சுக்கிட்டே தூக்குவாங்க. நீ வேகத்தைக் கூட்டக் கூட்ட பீரோவுக்குள்ள துணி அடுக்குற. அடுக்கு, வேண்டாங்கல. தூக்குறது யாருன்னு பார்த்துட்டு அடுக்கு."

"சூப்பர்க்கா!" என்றாள் சின்னவள். அடுத்த வாரம் அவள் நெட்டில் போடுகிற வீடியோவில் அந்த பீரோ வந்தது. நாலு பேர் வந்தார்கள், எட்டுப் பேர் வந்தார்கள், சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பெரியவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள், எங்கேயாவது "எங்க அக்கா சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை வருகிறதா என்று. வரவில்லை. அன்று அவள் கழுவிய பாத்திரத்தில் இரண்டு நெளிந்துபோயின. "என் பீரோ" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். குழாய் என்ன செய்யும் பாவம்.

இப்படி ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கி அடுக்கி வந்தவளுக்குத்தான் அந்த ஸ்டூடியோ ஆர்டர் வந்து சேர்ந்தது.

கார்ட்டூன் படம் செய்கிற ஸ்டூடியோ. ராத்திரி பகல் ஓய்வில்லாமல் கம்ப்யூட்டர் ஓடினால்தான் அவர்களுக்கு வேலை முடியும். முதலில் ஒரு மாதிரிப் பெட்டி கொடுங்கள், இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கிறோம், தாங்கினால் இருபது எடுக்கிறோம் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்டுப் போனார். பேசியது சின்னவள். அவர் போனதும் கொழுந்தன் ஒரு அட்டைப்பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தான்.

"அண்ணி, இந்த ஆர்டர் மட்டும் வந்துடுச்சுன்னா தடுப்பை இடிச்சுடலாம். முன்பக்கம் முழுக்க ஒரே ஹால். உங்க பெஞ்சை மாடி ரூமுக்கு மாத்திடலாம். உங்களுக்கும் தொந்தரவு இருக்காதுல்ல?"

பெரியவள் மூடியை எட்டிப் பார்த்தாள். அவளுடைய பெஞ்ச் இருந்த இடத்தில் ஒரு செவ்வகம் இருந்தது. "இது என்ன தம்பி?"

"சோபா."

சோபா! பதினாலு வருஷம் அவள் முதுகு வளைந்த இடத்தில், வருகிறவன் போகிறவன் எல்லாம் சாய்ந்து உட்கார ஒரு சோபா! மாடி ரூம் எது தெரியுமா? தகரக் கூரை, செத்த மானிட்டர்களை அடுக்கிய கிடங்கு, ஜன்னல் கிடையாது. பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல்தான் ஈயப் புகை வெளியே போகிற வழி. காலையில் பத்து மணிக்கு அதில் விழுகிற வெளிச்சத்தில் விளக்கே போடாமல் மெல்லிய விரிசல்கூடத் தெரியும். அந்த ஜன்னல் போனால் தனக்கென்று இந்த வீட்டு மனிதர்களிடம் என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. புருஷனிடம் சொன்னாள். "பார்த்துக்கலாம்" என்றார்.

நாலாம் நாள் காலையில் மாதிரிப் பெட்டி பெஞ்சுக்கு வந்தது. சின்னவள் அதை இடுப்புப் பிள்ளை மாதிரி தூக்கி வந்து வைத்தாள். "அக்கா, அழகா இருக்குல்ல?" அழகாகத்தான் இருந்தது. சனியன். கண்ணாடிப் பக்கத்தில் நீல எழுத்தில் பிராசஸரின் சூடு மின்னிக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் அறுபத்து நாலு. யார் பார்த்தாலும் கைதட்டுகிற எண்.

பெரியவள் பூதக்கண்ணாடியை இழுத்தாள். போர்டு வந்த அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு ஃபேஸ், அதாவது தூக்குகிற ஆள் பன்னிரண்டு, என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காயில் பன்னிரண்டு இருந்தது, நிஜம்தான். ஆனால் கீழே கறுப்பு சிப் ஆறுதான். ஒவ்வொரு சிப்புக்கும் இரண்டு காயில். அதாவது பீரோ தூக்க ஆறு பேர், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க ஆறு பேர். போதாததற்குச் சின்னவள் பிராசஸருக்குத் தண்ணீர் ஓடுகிற குளிர்விப்பான் வைத்திருந்தாள். பழைய மாதிரி விசிறி என்றால் பிராசஸருக்கு அடிக்கிற காற்று சுற்றியிருக்கிற காயில்களுக்கும் கொஞ்சம் சிந்தும். தண்ணீர்க் குழாயில் அந்த மூச்சும் கிடையாது. எல்லாருக்கும் தெரிகிற பிராசஸர் ஜிலுஜிலுவென்று இருக்கும், பக்கத்தில் அதற்குக் கரண்டு ஊற்றுகிறது வெந்து சாகும். சூடு எல்லை தாண்டினால் போர்டு தானாக வேகத்தைக் குறைக்கும்படி ஒரு காவல் உண்டு. வேகம் இறங்கினால் ஸ்டூடியோக்காரர் முகம் சுளிப்பார் என்று சின்னவள் அந்தக் காவலையும் எடுத்துவிட்டிருந்தாள்.

அரைமணி ஓட்டி, சூட்டுக் கம்பியை சிப் வரிசையில் வைத்தாள். தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டில் போய் நின்றது.

இதைச் சரிசெய்வது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வோல்ட்டைத் துளி இறக்கி, எடுத்த காவலைத் திரும்பப் போட்டு, மூன்று விரல் அகல விசிறி ஒன்றை அந்த வரிசைக்கு நேரே மாட்டினால் எண்பத்தைந்துக்கு இறங்கிவிடும். வேகத்தில் குறைவது யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த விசிறி அவள் இழுப்பறையிலேயே இருந்தது. இழுப்பறையைத் திறந்தாள். விசிறியைக் கையிலும் எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமியார் சாப்பாட்டுக் கூடையோடு கடைக்குள் வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் டப்பா திறக்கிற சத்தம். முதல் டப்பா யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். "சாப்பிடுடி கண்ணு, காலையில இருந்து ஓடுற. இந்தக் கடைக்கே நீதான் விளக்கு. நீ வர்றதுக்கு முன்னாடி இது என்ன கடையாவா இருந்துச்சு?"

முன்னாடி இது என்னவாக இருந்தது? முன்னாடி எட்டு வருஷம் இங்கே ஒருத்தி இருந்தாளே, அவள் என்னவாக இருந்தாள்?

பெரியவள் விசிறியை இழுப்பறையில் போட்டு மூடினாள். பின்தகட்டைத் திருகி மூடினாள். பிறகு இரண்டு ஸ்டிக்கர் சுருளையும் பார்த்தாள். கை சிவப்புக்குத்தான் போனது. போன கையைத் திருப்பி பச்சையில் ஒன்றைக் கிழித்து, அழுத்தி ஒட்டினாள். எரியட்டும் என்று நினைத்தாள். அவர்கள் இடத்தில், அவர்கள் கண்முன்னால், அந்த நீல விளக்கோடு சேர்ந்து எரியட்டும்.

அன்று சாயங்காலமே பெட்டி ஸ்டூடியோவுக்குப் போனது. அடுத்த இரண்டு நாளும் அவளைப் போல நல்லவள் உலகத்தில் கிடையாது. சின்னவளுக்கு அவளே தட்டு வைத்தாள். "முகம் வாடியிருக்கே, தூங்கினியா?" என்று கேட்டாள். சின்னவள் நெகிழ்ந்துபோய், "நீங்க ஒட்டின பச்சை இருக்கு, எனக்கென்னக்கா பயம்?" என்றாள். பெரியவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு போன் வந்தது.

சின்னவள் ஸ்கூட்டரை ஓட்ட, பெரியவள் மீட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனாள். முன்னால் இருந்த முதுகு விறைத்திருந்தது. வழியெல்லாம் பெரியவள் காத்திருந்தாள், உள்ளே சந்தோஷம் ஊறும் என்று. வாய் உலர்ந்ததுதான் மிச்சம்.

ஸ்டூடியோ என்றால் இருட்டான ஒரு நீள அறை, வரிசையாக மேஜைகள், காதில் மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர். மூலையில் அவர்கள் பெட்டி விளக்கு அணைந்து நின்றது. கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது மணி நேரம் நல்லாத்தான் ஓடுச்சு," என்றார் ஸ்டூடியோக்காரர். "அப்புறம் டப்புன்னு ஒரு சத்தம். இந்தப் பொண்ணு மூணு வாரமா வரைஞ்ச சீன். கம்ப்யூட்டர் அதை சேவ் பண்ணிக்கிட்டு இருந்த நேரத்துல நின்னதால பாதி ஃபைல் போச்சு."

இந்தப் பெண்ணைப் பற்றிப் பெரியவள் நினைத்தே பார்க்கவில்லை. எரியட்டும் என்று நினைத்தபோது அந்த அறையில் சின்னவளைத் தவிர வேறு ஆளே இருக்கவில்லை.

குனிந்து வேலையைப் பார்த்தாள். மீட்டரின் இரண்டு முனையையும் வைத்ததும் கீச்சென்று கத்தியது. இடமிருந்து மூன்றாவது சிப் வெந்து ஒட்டிப்போயிருந்தது. பவர் சப்ளை தானாக அணைந்ததால் நெருப்பு பிடிக்கவில்லை. அது கடவுள் புண்ணியம், இவள் புண்ணியம் இல்லை. "பின்பக்கத்தைக் கழட்டும்மா" என்றாள், எப்போதும் சொல்கிற மாதிரி.

சின்னவள் தகட்டைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே நின்றாள்.

தகட்டின் உள்பக்கம் வெள்ளை டேப். டேப்பில் பென்சிலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற மாதிரி உருட்டி உருட்டி, 118.

ஐயோ! எழுதியது பெரியவளுக்கு நினைவே இல்லை. தாய்மேல் ஆணையாக நினைவில்லை. மனசு இழுப்பறையோடும் சோபாவோடும் மாமியாரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கை அதுபாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது. சின்னவள் எண்ணைப் பார்த்தாள். தகட்டைத் திருப்பாமலே, தலையைச் சாய்த்து, வெளியே ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தாள். பிறகு பெரியவளைப் பார்த்தாள்.

"இதை யாரு செக் பண்ணது?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர். "பச்சை ஒட்டியிருந்தா நம்பலாம்னு சொன்னீங்களே மேடம்."

பெரியவள் சின்னவளின் வாயையே பார்த்தாள். சொல்லப்போகிறாள், இந்த நிமிஷம் சொல்லப்போகிறாள்.

"அக்கா சிவப்புதான் ஒட்டினாங்க சார்," என்றாள் சின்னவள். "இதோ பாருங்க, நூத்திப் பதினெட்டுன்னு எழுதியே வச்சிருக்காங்க. அனுப்பாதேன்னு அர்த்தம். உங்களுக்கு நேரத்துல கொடுக்கணுங்கிற அவசரத்துல நான்தான் அதைக் கிழிச்சுட்டுப் பச்சை ஒட்டினேன். தப்பு என்னோடது."

அதோடு விட்டாளா? அந்த டேப்பைக் காட்டியே விளக்க ஆரம்பித்தாள். காயில் எத்தனை, சிப் எத்தனை, தண்ணீர் வைத்தால் இந்த இடத்துக்குக் காற்று ஏன் வராது, எல்லாவற்றையும். "ஒரு பீரோவை ஆறு பேரு தூக்குறாங்கன்னு வச்சுக்கங்க சார். இது எங்க அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது."

சொல்லிவிட்டாள். நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் வராத வார்த்தை, கருகிய நாற்றத்துக்கு நடுவில் வந்தது. பெரியவள் ஈயம் உருக்கும் கோலைப் பையில் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஸ்டூடியோக்காரர் தகட்டைக் கையில் வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். "ஓடாதுன்னு எழுதி வைக்கிற கடையை நான் இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார். "இருபதும் எடுத்துக்கிறேன். ஆனா எந்த போர்டுன்னு இந்தக்கா முடிவு பண்ணணும். வேகத்தை எதுவரைக்கும் கூட்டலாம்னு இந்தக்கா சொல்லணும். நானே வந்து இவங்க பெஞ்சுல நின்னு பார்ப்பேன்."

அவ்வளவுதான். பெஞ்ச் பிழைத்தது, ஜன்னல் பிழைத்தது, சோபா ஒழிந்தது. அவள் வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து கையில் விழுந்தது. ஒவ்வொன்றும் சின்னவள் கையால் விழுந்ததுதான் கொடுமை.

திரும்பும்போது பாதி வழியில் ஒரு மரத்தடியில் சின்னவள் ஸ்கூட்டரை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நான் உங்களுக்கு என்னக்கா பண்ணேன்?"

பெரியவள் வாயைத் திறந்தாள். பீரோ என்று சொல்ல வேண்டும். சோபா என்று சொல்ல வேண்டும். முதல் டப்பா, மேடம், விளக்கு. ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள், வாயில் வைக்கவே வெட்கமாக இருந்தது. "நீ ஏன் அப்படிச் சொன்னே?" என்று திருப்பிக் கேட்டாள்.

"பின்ன? பெஞ்ச் பேரு கெட்டா கடை பேரு கெட்டுடும். என் பேரு ரெண்டு நாள்ல சரியாயிடும். சிரிச்சுப் பேசினா போதும்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வண்டியை உதைத்தாள்.

எவ்வளவு சட்டென்று யோசித்திருக்கிறாள் பார், என்று தோன்றியது பெரியவளுக்கு. அந்த இடத்தில் தனக்கு அது தோன்றியிருக்காது. அதற்கும் வயிறு எரிந்தது. இனி அந்த வயிற்றை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தன் அட்டை மூடியைக் கிழித்துப் போட்டிருந்தான். விஷயம் அதற்குள் மாமியார் காதுக்குப் போயிருந்தது.

"ஏன்டி சின்னவளே," என்று ஆரம்பித்தார், "பெரியவ சிவப்பு ஒட்டினா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு உனக்குத் தெரிய வேண்டாமா? மினுக்குனா மட்டும் போதுமா? பதினாலு வருஷமா அவ கண்ணு வச்சுப் பார்த்துத்தான் இந்தக் கடை நிக்குது. அவ இல்லேன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்!"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! மினுக்குனா என்றுகூட மாமியாரே சொல்லிவிட்டார், இவள் மனசுக்குள் புகுந்து எடுத்த மாதிரி. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். பெரியவள் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்று பார்த்தாள். கருகிய நாற்றம் அடித்தது.

"இல்ல அத்தை," என்றாள். எழுந்து நின்றாள். "சின்னவ எதையும் கிழிக்கல. பச்சை ஒட்டினது நான்தான். எரியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒட்டினேன்."

கொழுந்தன் நிமிர்ந்தான். புருஷன் கூட, பார்த்துக்கலாம் என்று சொல்லாமல், நிஜமாகவே பார்த்தார்.

மாமியார் எழுந்து வந்தார். பெரியவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா இவ மனசை? சின்னவ திட்டு வாங்குறது பொறுக்காம பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குறா! இப்படி ஒரு ஓரகத்தி யாருக்கு வாய்க்கும்? சின்னவளே, இவ கால்ல விழுந்து கும்பிடணும் நீ!"

"இல்ல அத்தை, நெசமாத்தான்..."

"போதும்மா, போதும். எனக்குத் தெரியாதா உன்னை?"

பெரியவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பெருமையாகத் தலையாட்டினார். கொழுந்தன், "அண்ணி அண்ணிதான்" என்றான். இந்த ஆறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே முழு உண்மை, கூடத்தில் இருந்த ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஏறியது சின்னவள் காதில் மட்டும்தான். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம் வந்தது. தட்டு தொட்டியில் விழுகிற சத்தம். பிறகு குண்டான். பிறகு மூடி, சுவரில் போய் மோதி உருண்டது.

பெரியவள் வாசலில் போய் நின்றாள். சின்னவள் திரும்பாமலே பேசினாள்.

"நான்தான் பழியை எடுத்துக்கிட்டேன்ல? அதோட விட வேண்டியதுதானே? அத்தனை பேரு முன்னாடி நான் எடுத்துக்கிட்டேன்க்கா, சும்மாவா? இப்ப பாருங்க. பழி எனக்கு, பெரிய மனசு உங்களுக்கு."

"நான் நெசத்தைத்தான்டி சொன்னேன்."

"யாரு நம்பினாங்க?" ஒரு டம்ளர் விழுந்தது.

"சரி, நாளைக்கு வீடியோ போடு. நடந்ததை நடந்தபடி சொல்லு. நான் பக்கத்துல உக்காந்து ஆமாங்கிறேன். நாப்பதாயிரம் பேருக்கும் தெரியட்டும்."

சின்னவள் இப்போதுதான் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. "போடலாம். அதைப் பார்த்துட்டும் உங்களைத்தான் பாராட்டுவாங்க!"

சொல்லிவிட்டு, கையிலிருந்த தட்டைப் படாரென்று தொட்டியில் போட்டாள்.

பெரியவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷமாக அவள் கழுவிய பாத்திரமெல்லாம் அப்படித்தான் சத்தம் போட்டது.